நெட் பவுலராகப் போனவர்

2021 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூச வேண்டிய நாளில், சேலத்துக்கு மேற்கே தாரமங்கலம், எடப்பாடிப் பக்கத்து வீடுகள் பலவற்றில் கிழக்கு வெளுக்கும் முன்பே டிவி ஓடியது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் அப்போது காலை பத்து மணி. காபா மைதானத்தில் இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் ஆட்டக்காரராக ஒருவர் தொப்பி வாங்கிக்கொண்டார். பெயர் டி. நடராஜன். ஊர் சின்னப்பம்பட்டி; சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

அந்த வாரம் டீக்கடைகளில் இரண்டு கட்சி இருந்தது. "யோகம்னா இப்படி அடிக்கோணுங்க" என்றது ஒன்று. "சும்மாவா வந்துச்சு? எத்தனை வருசப் பாடு" என்றது மற்றது. இரண்டு கட்சியிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். காலையில் ஒரு பக்கம் பேசியவர் சாயங்காலம் மறுபக்கம் பேசினார்.

யோகக் கட்சியின் வழக்கு லேசானதல்ல. முதலில் கொரோனா. தொற்றுக் காலத்தில் ஒருவருக்குக் காயம் என்றால் ஊரிலிருந்து மாற்று ஆளை அனுப்புவது எளிதல்ல. போய் இறங்கியவர் பதினான்கு நாள் தனிமையில் இருக்க வேண்டியிருந்தது. அதனால் 2020 அக்டோபர் கடைசியில் ஆஸ்திரேலியப் பயணத்துக்கான அணியை அறிவித்த கிரிக்கெட் வாரியம், வலைப்பயிற்சியில் பந்துபோட என்று நான்கு பேரையும் கூடவே சேர்த்தது. கமலேஷ் நாகர்கோட்டி, கார்த்திக் தியாகி, இஷான் போரெல், நடராஜன். நெட் பவுலருக்கு அணிப் பட்டியலில் இடம் கிடையாது. மட்டையாளர்களுக்குக் கை பழகும்வரை பந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கினால் வேடிக்கை பார்க்க வேண்டும்.

பிறகு வரிசையாக மற்றவர்களுக்கு வலி. வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டை. அவர் இடத்தில் நடராஜன் இருபது ஓவர் அணிக்குள் வந்தார். நவ்தீப் சைனிக்கு முதுகு. முன்னெச்சரிக்கையாக ஒருநாள் அணியிலும் நடராஜன் பெயர் ஏறியது. டெஸ்ட் தொடருக்கு இஷாந்த் சர்மா போகவே இல்லை. அடிலெய்டில் கம்மின்ஸ் பந்து பட்டு ஷமியின் கை முறிந்தது. மெல்போர்னில் உமேஷ் யாதவின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அந்த இடத்துக்கு நடராஜன். சிட்னியில் பும்ராவின் வயிற்றுத் தசை, ஜடேஜாவின் கட்டைவிரல், அஸ்வினின் முதுகு. காபாவில் இறங்கிய ஐந்து பந்துவீச்சாளர்களும் அதற்கு முன் ஆடியிருந்த டெஸ்டுகளை எல்லாம் கூட்டினால் நான்குதான் வரும். முகமது சிராஜ் இரண்டு, சைனி ஒன்று, ஷர்துல் தாக்கூர் ஒன்று. நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுவே முதல்.

இத்தனை பேர் விழாமல் இருந்திருந்தால் நடராஜன் பிரிஸ்பேனில் பந்துபோட்டிருக்க மாட்டார். இது கணக்கு, மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நெட் பவுலர்களாக அறிவிக்கப்பட்டவர்கள் நான்கு பேர். அணிக்குள் வந்தது ஒருவர்தான். ஏன் அந்த ஒருவர் என்ற கேள்விக்குப் பதில் ஆஸ்திரேலியாவில் இல்லை. அதற்குச் சின்னப்பம்பட்டிப் பக்கத்து மண்மேடுகளுக்குப் போக வேண்டும்.

இரண்டாயிரத்தின் முதல் பத்து வருடங்களில் இந்தப் பக்கம் வளர்ந்த யாருக்கும் டென்னிஸ் பால் டோர்னமெண்ட் என்றால் விளக்கம் தேவைப்படாது. நிலக்கடலை பிடுங்கிய காடு, வற்றிய ஏரி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் யாரும் கேட்காத புறம்போக்கு, இவற்றில் எதுவும் மைதானம் ஆகும். எல்லைக்கோடு சுண்ணாம்புத்தூள். ஒரு மைக் செட். பொங்கலுக்கு, ஊர்ப் பண்டிகைக்கு, சுதந்திர தினத்துக்கு என்று போஸ்டர் ஒட்டுவார்கள். முதல் பரிசு யார் தருகிறார் என்பது எந்த ஊர் அணி வருகிறது என்பதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். ஆட்டம் ஆறு ஓவர், எட்டு ஓவர். பக்கத்தில் தறிக்கூடம் இருந்தால் விசைத்தறிச் சத்தம் நாள் முழுக்கக் கூடவே ஓடும். ராத்திரி ஷிப்ட் முடித்துக் கண் சிவந்து வந்து பந்துபோடுகிற பையன்கள் எல்லா அணியிலும் இருப்பார்கள். மத்தியான ஷிப்டுக்குப் போக வேண்டியவன் இருந்தால் டாஸ் போடுவதற்கு முன்பே அவன் எத்தனையாவது ஓவர் போடுவான் என்று பேசி முடித்துவிடுவார்கள்.

இதை எழுதுபவர் அந்த ஆட்டங்களில் மட்டை பிடித்தவர் அல்ல. ஸ்கோர் எழுதியவர். ஆட வராத, ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கிற பையன்களுக்குக் கிடைக்கிற பதவி அது. மத்தியானம் புரோட்டா நிச்சயம். ஒரு டேபிள், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு லாங் சைஸ் நோட்டு. அங்கே உட்கார்ந்து பார்த்தால் சீக்கிரமே ஒன்று புரிந்துவிடும். டென்னிஸ் பந்து ஆட்டம் பந்துவீச்சாளரைக் கொல்வதற்கென்றே ஏற்பட்டது.

பந்து லேசு. ஒரு பக்க எல்லைக்கோடு தென்னந்தோப்பு வேலியோடு முடிந்துவிடும். அந்தப் பக்கம் மட்டையில் எங்கே பட்டாலும் சிக்ஸர். நல்ல நீளத்தில் குத்தினால் பந்து தொம்மென்று இடுப்புக்கு மேல் எழும்பி நின்று, அடி என்று கேட்கும். குறைவாகக் குத்தினால் கேட்கவே வேண்டாம். ஸ்விங், சீம் என்று தோல் பந்து தருகிற உதவி எதுவும் கிடையாது. மிச்சம் இருப்பது ஒரே இடம், மட்டையாளரின் கால் பெருவிரல். அந்த இடத்தில் விழுகிற பந்தை, அதாவது யார்க்கரை, தூக்கி அடிக்க முடியாது. தோண்டத்தான் முடியும்.

யார்க்கர் போடத் தெரியாதவனுக்குக் கடைசி ஓவர் தரமாட்டார்கள். தெரிந்தவனை அடுத்த ஊர்க்காரர்கள் பஸ் செலவு கொடுத்துக் கூட்டிப்போவார்கள். ஆனால் அதைப் போடுவது மற்ற எல்லாப் பந்தையும்விடச் சிரமம். ஒரு பக்கத்து ஸ்டம்பிலிருந்து மறுபக்கத்து ஸ்டம்புக்கு 20.12 மீட்டர். மட்டையாளர் நிற்கும் கோடு ஸ்டம்புக்கு 1.22 மீட்டர் முன்னால். ஓடி வந்து, தோளைச் சுழற்றி, அந்தக் கோட்டுக்கு அரையடி முன்பின்னாகப் பந்தை இறக்க வேண்டும். கொஞ்சம் முன்னே விழுந்தால் மட்டைக்கு வாகாக உட்காரும். விழாமலே போனால் ஃபுல் டாஸ். இரண்டுக்கும் தண்டனை ஒன்றே. அதனால் பெரும்பாலான பந்துவீச்சாளர்கள் யார்க்கரை ஒரு ஓவரில் ஒன்றிரண்டு முறை வைத்துக்கொள்வார்கள். டென்னிஸ் பந்தில் வளர்ந்தவனுக்கோ ஆறும் அதுவாக இருக்க வேண்டும்.

நடராஜன் இருபது வயதுவரை இந்த ஆட்டம்தான் ஆடினார். அப்பா தறிக்கூலி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இடக்கைக்காரர். மாவட்டத்தில் முறையான கிரிக்கெட் என்று எதுவும் எட்டும் தூரத்தில் இல்லை. சென்னையில் நல்ல பள்ளிக்கூடத்துப் பையன் பன்னிரண்டு வயதில் தோல் பந்தைத் தேய்த்துக்கொண்டிருப்பான். பதினாறில் மாவட்டம், பத்தொன்பதில் மாநிலம் என்று படி இருக்கும். அந்தப் படிகள் எல்லாம் முடிகிற வயதில் நடராஜன் முதல் படிக்கு வந்தார்.

வந்தது தானாக இல்லை. அதே ஊர்க்காரர் ஜெயபிரகாஷ். சென்னை டிவிஷன் கிரிக்கெட் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர். இந்தப் பையனை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று முடிவுசெய்து, வீட்டில் பேசி, கூட்டிப்போனவர் அவர்தான். 2010-11இல் நான்காவது டிவிஷனில் பிஎஸ்என்எல் அணி. பிறகு விஜய் சிசி, ஜாலி ரோவர்ஸ். பின்னாளில் நடராஜனின் சட்டை முதுகில் 'ஜேபி நட்டு' என்று எழுதியிருந்ததை டிவியில் பார்த்த பலரும் அது ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்தார்கள். ஜேபி என்பது ஜெயபிரகாஷ். யோகம் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் யோகம் இதுதான். ஷமியின் கையும் பும்ராவின் வயிறும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஒரு சின்ன ஊரில், பக்கத்துத் தெருவில், பந்தைப் பார்த்தவுடன் ஆளை அடையாளம் தெரிந்துகொள்கிற ஒருவர் இருந்தார். பக்கத்து ஊரில் இருந்திருந்தால்?

2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம், வங்காளத்துக்கு எதிராக. அந்த மகிழ்ச்சி அடங்குமுன்பே நடுவர்கள் ஒரு குறிப்பு எழுதினார்கள். பந்து வீசும்போது கை மடங்குவதாகச் சந்தேகம். விதிப்படி முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. மீறினால் அது வீச்சு அல்ல, எறிதல்.

வருடக்கணக்காக உடம்பில் ஊறிய ஒரு சுழற்சியைப் பிரித்து மறுபடியும் கட்டுவது என்ன என்பது வெளியிலிருந்து தெரியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் ஒன்றை, யோசித்து யோசித்துச் செய்ய வேண்டும். யோசித்தால் வேகம் போகும், வேகம் வந்தால் பழைய கை வரும். இந்த இடத்தில்தான் பலரும் ஊருக்குத் திரும்பித் தறிக்கோ கடைக்கோ போய்விடுகிறார்கள். யாரும் அவர்களைக் குறைசொல்ல முடியாது. நடராஜனுடன் சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கட்ரமணா ஆகிய மூத்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் அதிலேயே போயிற்று. கை நேரானது. ஆச்சரியம், யார்க்கர் போகவில்லை.

இங்கே காலக்கணக்கைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) 2016இல் தொடங்கியது. ஒரு வருடம் முன்னால் தொடங்கியிருந்தால் நடராஜன் சந்தேகத்துக்குரிய பந்துவீச்சாளராக வெளியே நின்றிருப்பார். மூன்று வருடம் தள்ளித் தொடங்கியிருந்தால் அவருக்கு வயதாகிவிட்டது என்றிருப்பார்கள். கை சரியாகி அவர் தயாராக நின்ற வருடத்தில் அந்தப் போட்டி தொடங்கியது. எல்லா ஆட்டமும் டிவியில். திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக, தூத்துக்குடிக்கு எதிரான ஓர் ஆட்டம் சூப்பர் ஓவர்வரை போனது. பந்து நடராஜன் கையில். ஆறும் யார்க்கர்.

தென்னந்தோப்பு வேலிக்கு எதிராக எத்தனையோ ஆயிரம் முறை போட்ட அதே ஓவர் அது. வித்தியாசம், இந்த முறை கேமரா இருந்தது.

2017 பிப்ரவரி ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். கிங்ஸ் லெவன் பஞ்சாப் 3 கோடி கொடுத்து எடுத்தது. சேவாக் அந்த அணியை நடத்திக்கொண்டிருந்தார். டிஎன்பிஎல் காட்சிகளைப் பார்த்திருந்தார். சின்னப்பம்பட்டியில் வெடி வெடித்தார்கள். கதையாக இருந்தால் இங்கே முடித்திருக்கலாம். நடந்தது வேறு. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். பிறகு முழங்கை அறுவைச் சிகிச்சை. அடுத்த ஏலத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018இல் ஓர் ஆட்டம்கூட இல்லை. 2019இலும் இல்லை. 3 கோடி வந்தபோது யோகம் என்றவர்கள், இப்போது யோகம் போய்விட்டது என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்த இடக்கை என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அது நெட்டில் பந்து போட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஹைதராபாத் அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் முத்தையா முரளிதரன். இந்தியும் ஆங்கிலமும் தயக்கமாக இருக்கிற ஒருவருக்குத் தமிழில் திட்டவும் தட்டிக்கொடுக்கவும் உலகத்திலேயே அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்த மனிதர் கிடைத்தார். பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் செய்தித்தாளில் ஒரு வரியும் வராது. ஆனால் டேவிட் வார்னர், வில்லியம்சன் போன்றவர்களுக்குத் தினமும் நெட்டில் யார்க்கர் போட்டுப் பார்ப்பது என்ன சாதாரணப் படிப்பா?

2020 ஐபிஎல் கொரோனாவால் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனது. செப்டம்பர் 21 அன்று முதல் ஆட்டத்திலேயே நடராஜன் இறங்கினார். விராட் கோலி விக்கெட்டை எடுத்தார். சில நாளில் புவனேஷ்வர் குமார் காயத்தோடு வெளியேற, கடைசி ஓவர்களின் சுமை இடக்கைக்காரர்மேல் வந்தது. அந்தத் தொடரில் யார்க்கர் என்றால் நடராஜன் என்று ஆகிவிட்டது. 16 ஆட்டம், 16 விக்கெட். நவம்பர் 6, அபுதாபி, எலிமினேட்டர்: அரைசதம் தாண்டி ஆடிக்கொண்டிருந்த டிவில்லியர்ஸின் ஸ்டம்பு ஒரு யார்க்கரில் சாய்ந்தது. அந்த நாட்களில்தான் ஊரில் அவருக்கு மகள் பிறந்தாள். குழந்தையைப் பார்க்காமலே சிட்னிக்கு விமானம் ஏறினார்.

வருணைப் பற்றி ஒரு வார்த்தை. அவரும் டென்னிஸ் பந்தில் கை பழகிய தமிழ்நாட்டுக்காரர்தான்; கட்டடக்கலை படித்து, தாமதமாகக் கிரிக்கெட்டுக்கு வந்தவர். ஒரு டென்னிஸ் பந்துக்காரரின் தோள்வலி இன்னொரு டென்னிஸ் பந்துக்காரருக்கு வழி விட்டது. அதிர்ஷ்டம் என்று நாம் கொண்டாடுவதன் மறுபக்கத்தில் எப்போதும் ஒருவர் ஐஸ் ஒத்தடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

டிசம்பர் 2, கான்பெர்ரா. தொடரை ஏற்கெனவே இழந்துவிட்ட இந்தியா மூன்றாவது ஒருநாள் ஆட்டத்தில் நடராஜனை இறக்கியது. முதல் விக்கெட் மார்னஸ் லபுஷேன், போல்டு. இரண்டு நாள் கழித்து அதே ஊரில் முதல் டி20: 3/30. சிட்னியில் ஆஸ்திரேலியா 194 ரன் விளாசிய ஆட்டத்தில் நான்கு ஓவருக்கு 20 ரன் மட்டும் கொடுத்து 2 விக்கெட். தொடரின் நாயகன் விருது ஹர்திக் பாண்டியாவுக்குப் போனது; இது நடராஜனுக்குச் சேர வேண்டியது என்று சொல்லி அவர் அந்தக் கோப்பையைத் தூக்கி இவர் கையில் கொடுத்தார். ஆறு ஓவர் டோர்னமெண்டுகளில் ஸ்கோர் எழுதியவர்களுக்கு அந்த 4-0-20-2 எப்படித் தெரிந்திருக்கும் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லி விளக்க முடியாது. ஏறக்குறைய பத்து ரன் ஓடுகிற ஆட்டத்தில் ஓவருக்கு ஐந்து!

காபா அதற்கு நேர்மாறான சோதனை. டெஸ்டில் யார்க்கரைவிட நீளமும் பொறுமையும் முக்கியம். முதல் இன்னிங்ஸில் நடராஜன் 24 ஓவருக்கு மேல் போட்டார். மேத்யூ வேட், சதமடித்திருந்த லபுஷேன், ஹேசல்வுட் என்று 78 ரன்னுக்கு 3 விக்கெட். சைனிக்குப் பாதியில் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டதால் மற்றவர்களுக்குச் சுமை கூடியது. ஜனவரி 19 அன்று ரிஷப் பந்தின் 89 ரன்னில் இந்தியா 328 இலக்கைத் தாண்டியது. 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் டெஸ்டில் தோற்றது அதுதான் முதல் தடவை. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர், நெட் பவுலராகப் போனவர்.

ஊர் திரும்பியபோது குதிரை பூட்டிய ரதத்தில் ஊர்வலம், மேளம், செல்போன் வெளிச்சம். சில நாளில் நடராஜன் பழனிக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு படம் போட்டார். உழைத்ததாலா, அருளாலா என்று நகரத்துக்காரர்கள் பட்டிமன்றம் வைப்பார்கள். இந்தப் பக்கத்தில் அது ஒரு கேள்வியே அல்ல. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள். இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்காவரைக்கும் அந்த ஊர் ரிக் வண்டிகள் போகின்றன. தண்ணீர் வருமா என்பது பூமிக்குள் இருக்கிற விஷயம். பூசை போடுவார்கள், தேங்காய் உடைப்பார்கள். அதே கையோடு பிட்டைக் கழற்றித் தேய்மானம் பார்ப்பார்கள், கம்ப்ரசருக்கு ஆயில் மாற்றுவார்கள்.

உழைக்காமல் வரும் அதிர்ஷ்டத்தையும் இந்த ஊர்கள் நன்றாக அறியும். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரியைத் தடைசெய்யும்வரை தறிக்கூலியில் ஒரு பங்கு சனிக்கிழமைதோறும் சீட்டுக் கடைக்குப் போகும் வீடுகள் நிறைய. பரிசு விழுந்தவர் கதைகள் ஊருக்கு ஊர் உலவின. அவை எப்போதும் அடுத்த ஊரில்தான் நடந்திருக்கும்.

ஆனாலும் உழைப்புக் கட்சிக்கும் ஒரு கேள்வி வைக்காமல் விட முடியாது. கார்னெல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ராபர்ட் ஃப்ராங்க் 2007இல் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது இதயம் நின்று விழுந்தார். பக்கத்தில் ஒரு வாகன விபத்துக்காக வந்திருந்த ஆம்புலன்ஸை அங்கிருந்து திருப்பிவிட்டதால் பிழைத்தார். அதிர்ஷ்டம் பற்றி 2016இல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு கணினிக் கணக்கு வருகிறது. ஒரு லட்சம் பேர் மோதும் போட்டி. முடிவில் திறமைக்கும் உழைப்புக்கும் 98 சதவீதம், அதிர்ஷ்டத்துக்கு வெறும் 2 சதவீதம் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியும் நான்கில் மூன்று முறைக்கு மேல் ஜெயித்தவர், அந்த லட்சம் பேரில் திறமையும் உழைப்பும் மிக அதிகம் உள்ளவராக இல்லை. காரணம் எளிது. கூட்டம் பெரிதாக இருக்கும்போது உச்சிக்கு அருகில் ஏறக்குறைய சமமாகப் பலர் நிற்கிறார்கள். அவர்களில் அந்த 2 சதவீதமும் கூடிவந்தவர் முந்துகிறார். உழைக்காதவர் அந்த வரிசையிலேயே இல்லை என்பதும் அதே கணக்குக்குள் இருக்கிறது.

அந்தப் பழைய லாங் சைஸ் நோட்டுகளில் இடக்கை, வலக்கை என்று எத்தனை பேர். கடைசி ஓவரில் மூன்று ரன் கொடுத்தவர்கள், இரண்டு ரன் கொடுத்தவர்கள். ஒருவர் இப்போது சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். ஒருவர் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். ஒருவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். இவர்கள் உழைக்கவில்லை என்று எந்த மேடையிலும் சொல்ல முடியாது. இவர்கள் தெருவில் ஒரு ஜெயபிரகாஷ் இல்லை.

சேலம் மாவட்டத்தின் இன்னொரு பெயர் இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து காட்டும். ஓமலூருக்கு வடக்கே பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. காய்கறி விற்றும் கூலிக்குப் போயும் அம்மா வளர்த்தார். 2013இல் பயிற்சியாளர் சத்தியநாராயணாவின் கண்ணில் பட்டார். பிறகு பெங்களூரில் பயிற்சி. 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம்.

2021 டோக்கியோ. தொடக்க விழாவில் கொடி பிடிக்க வேண்டியவர் அவர்தான். தொற்று உள்ளவருக்கு அருகில் இருந்தார் என்று தனிமைப்படுத்தினார்கள். கொடி வேறு கைக்குப் போனது. இறுதிப் போட்டியன்று மழை. ஊனமுற்ற காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து ஓட்டம் தடைபட்டதாக அவரே பிறகு சொன்னார். 1.86 தாண்டினார். அமெரிக்காவின் சாம் க்ரூ 1.88. இரண்டு சென்டிமீட்டரில் தங்கம் போனது. உழைப்பு போதவில்லை என்றா சொல்வது? ஆனால் மழையிலும் வெள்ளிக்குக் கீழே அவர் இறங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் 1.85, வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம். வானிலை எப்படி இருந்தாலும் பதக்க உயரத்துக்குக் கீழே போகாத ஓர் உடம்பை அவர் தயார் செய்து வைத்திருக்கிறார்.

நடராஜனுக்கு மழை முழங்காலில் வந்தது. 2021 மார்ச் 28, புனே, இங்கிலாந்துக்கு எதிரான மூன்றாவது ஒருநாள் ஆட்டம். கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். எதிரே 90ஐ ஒட்டி வெறியாக ஆடிக்கொண்டிருந்த சாம் கரன். நடராஜன் ஆறு ரன்தான் கொடுத்தார். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு ஓவருக்காகத்தான் தயாரானது போல இருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியாவுக்காக அவர் பந்துபோடவில்லை. ஏப்ரலில் முழங்கால் அறுவைச் சிகிச்சை. செப்டம்பரில் ஐபிஎல்லுக்குத் திரும்பியவுடன் கொரோனா. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20 என்று கணக்கு நின்றது. 2022 ஜூலையில் அர்ஷ்தீப் சிங் இந்திய அணிக்கு வந்தார்: இடக்கை, வேகம், கடைசி ஓவர் யார்க்கர். ஒருகாலத்தில் பிறர் காயத்தில் திறந்த இடம், இவர் காயத்தில் வேறொருவருக்குத் திறந்தது. 2024 ஐபிஎல்லில் ஹைதராபாத் இறுதிப் போட்டிவரை போனபோது நடராஜன் 19 விக்கெட் எடுத்திருந்தார். அந்த ஆண்டு உலகக் கோப்பை அணியில் பெயர் இல்லை. அதே வருடக் கடைசியில் டெல்லி கேபிடல்ஸ் 10.75 கோடிக்கு ஏலம் எடுத்தது.

விலைகளைவிட இந்தப் பக்கத்துக்காரர்கள் அதிகம் பேசுவது வேறு ஒன்றை. இந்திய அணியில் இடம் கிடைப்பதற்கு வெகு முன்பே, கையில் கொஞ்சம் காசு வந்தவுடன் நடராஜனும் ஜெயபிரகாஷும் ஊரில் பையன்களுக்குப் பயிற்சி தொடங்கியிருந்தார்கள். அதே ஊரிலிருந்து வந்த ஜி. பெரியசாமி 2019 டிஎன்பிஎல் இறுதிப் போட்டியில் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸுக்காக 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்துக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். எதிரணி, நடராஜன் முன்பு ஆடிய அதே திண்டுக்கல். ஒரு சின்ன ஊரிலிருந்து இரண்டாவது ஆள் வரும்போது யோகக் கட்சி கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2023 ஜூன் 23 அன்று சின்னப்பம்பட்டியில் நடராஜன் கிரிக்கெட் மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். நடுவில் நான்கு பிட்ச், பயிற்சிக்கு இரண்டு, உடற்பயிற்சிக் கூடம், கேண்டீன், நூறு பேர் உட்காரச் சின்ன காலரி. அங்கே பள்ளிக்கூடத்துப் பையன்கள் தோல் பந்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சீம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கை எத்தனை டிகிரி மடங்கலாம் என்பதெல்லாம் ரஞ்சி நடுவர் எழுதிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. மைதானத்தைத் தாண்டி மறுபக்கத்துக் காட்டில் டென்னிஸ் பால் ஆட்டமும் நிற்கவில்லை. யார்க்கர் பழக அதைவிடக் கண்டிப்பான பள்ளிக்கூடம் இன்னும் கட்டப்படவில்லை.